அந்த ஞாயிறு விடுமுறையா? பொப்பிசைக் காலத்தைப் படமெடுக்க வருவோருக்கு

1968ஆம் ஆண்டு. பம்பலப்பிட்டியில் ஒரு மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலைக்குப் போகாத நான்கு இளைஞர்கள் கிட்டாரும் பொங்கோவும் வைத்துக்கொண்டு பாட்டுப் பழகுகிறார்கள். கீழே முச்சக்கரவண்டி ஒன்று வந்து நிற்கிறது. பாடகி இறங்கிப் படியேறுகிறாள்.

குறும்படம் எடுக்கப் புறப்பட்ட தம்பி ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் நீட்டிய கதைப் பிரதியின் முதற் பக்கம் இது. பேச்சு நன்றாக வந்திருந்தது. பாத்திரங்களுக்கு உயிர் இருந்தது. ஆனால் முதல் ஐந்து வரிகளுக்குள் இரண்டு பிழைகள். முச்சக்கரவண்டி கொழும்பு வீதிகளுக்கு வந்தது 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு. அதை எவரும் சொல்லித் திருத்திவிடலாம். மற்றது கண்ணுக்குத் தெரியாத பிழை. 1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை சனி, ஞாயிறில் வரவில்லை. நிலவின் வளர்தேய்வைக் கொண்டு கணிக்கப்படும் போயா நாள்களை ஒட்டி வந்தது. நிலவோடு சேர்ந்து விடுமுறையும் நகர்ந்தது. ஒரு வாரம் செவ்வாய், இன்னொரு வாரம் புதன். 1968இன் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நான்கு இளைஞர்களும் கந்தோரில் இருந்திருப்பார்கள்.

பழைய பொப்பிசைக் காலத்தைப் படமாக்க ஆசைப்படும் இளையவர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று. நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன். பொப் என்று நாம் எழுதுவதும் துள்ளிசை என்று நம் ஊரில் பெயர் பெற்றதும் இதில் அடங்கும்.

முதல் வேலை: ஒரு நீளக் கடதாசி

கதைப் பிரதியைத் தொடுவதற்கு முன் ஒரு நீளக் கடதாசியில் நான்கு நிரல்கள் கீறுங்கள். நாடு, நகரம், பாட்டு, ஆள். உங்கள் கதை நடக்கும் ஆண்டுகளை இடப்பக்கம் கீழ்நோக்கி எழுதிக்கொள்ளுங்கள். கணினியில் செய்தாலும் சரி. சுவரில் ஒட்டிய கடதாசி எந்நேரமும் கண்ணில் படும் என்பதால் எனக்கு அதுவே பிடிக்கும்.

நாடு என்ற நிரலில் தவறாமல் இருக்க வேண்டியவை: 1970இல் ஆட்சி மாற்றம், அதன் பின் இறக்குமதிக்கு வந்த கடும் கட்டுப்பாடு. 1971 ஏப்ரல் கிளர்ச்சியும் ஊரடங்கும். 1972 மே 22இல் குடியரசு. 1977இல் தேர்தலும் திறந்த பொருளாதாரமும். 1983 ஜூலை. இந்த ஐந்தும் இசைக்காரனின் வாழ்க்கையை நேரடியாகத் தொட்டவை. 1971 ஏப்ரலில் கொழும்பில் நள்ளிரவு நடன விருந்து வைக்க முடியாது. 1974இல் புத்தம் புது வெளிநாட்டு மின்கிட்டார் ஒரு வெள்ளவத்தைப் பையனின் கையில் இருந்தால், அது எப்படி வந்தது என்று படம் ஒரு வரியாவது சொல்ல வேண்டும். கப்பலில் வேலை செய்த மாமா கொண்டுவந்தார் என்றால் அதுவே ஒரு நல்ல காட்சி. கட்டுப்பாடு கதைக்குத் தடை என்று நினைக்கிறவர்கள் பலர். என் அனுபவத்தில் நல்ல காட்சிகள் பல அங்கிருந்துதான் பிறக்கின்றன.

இரண்டாவது: "அதனால்" சோதனை

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கதையை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி எழுதுங்கள். பிறகு "அதனால்" என்ற சொல் வெளிப்படையாகவோ மறைவாகவோ வரும் ஒவ்வோர் இடத்தையும் வட்டமிடுங்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால் இருக்கும் சம்பவத்தின் நாளையும் பின்னால் இருக்கும் சம்பவத்தின் நாளையும் தனித்தனியே தேடிப் பாருங்கள். முன்னது உண்மையில் பின்னால் நடந்திருந்தால், நீங்கள் செய்வது சுருக்கம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. நடக்காத ஒரு காரணத்தை ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் வைக்கிறீர்கள்.

குவீன் என்ற ஆங்கில இசைக்குழுவைப் பற்றி 2018இல் வந்த 'பொஹீமியன் ரப்சடி' படத்தை எடுத்துக்கொள்வோம். 1985 ஜூலை 13இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் குவீன் குழு பாடிய அந்த இருபது நிமிடங்களைப் படம் ஏறக்குறைய அப்படியே திரும்பக் கட்டியது. பியானோவின் மேல் இருந்த கடதாசிக் குவளைகள்கூட இருந்த இடத்தில் இருக்கின்றன. அந்த உழைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே படத்தில் குழுவின் பாடகர் பிரெடி மெர்குரி தமக்கு எயிட்ஸ் நோய் இருப்பதை அந்த நிகழ்ச்சிக்கு முன்பே அறிந்து, குழுவினரிடம் சொல்லிவிட்டு மேடை ஏறுகிறார். அவருக்கு நோய் உறுதியானது 1987இல் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. குழு பிரிந்து, மீண்டும் சேர்ந்து அந்த மேடைக்கு வந்ததாகவும் படம் காட்டுகிறது. உண்மையில் அவர்கள் 1984இல் புதிய இசைத்தொகுப்பு வெளியிட்டு, 1985 ஜனவரியில் ரியோவில் பாடி, மே மாதம் ஜப்பானில் சுற்றுப்பயணத்தை முடித்திருந்தார்கள். ஓய்ந்துபோன குழுவின் மீள்வரவு அது என்பதற்கு இடமே இல்லை.

இப்போது "அதனால்" என்ற சொல்லைப் பொருத்திப் பாருங்கள். "சாவு நெருங்குவதை அறிந்தார், அதனால் அப்படிப் பாடினார்." படத்தின் உச்சக்கட்டமே இந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. அந்த வாக்கியம் பொய். குவளைகள் சரி, காரணம் பிழை. முப்பத்தெட்டு வயதுப் பாடகர் ஒருவர் தம் கலையின் பலத்தால், உடன் நின்ற மூவரின் பலத்தால் அந்த அரங்கை ஆட்கொண்டார் என்பது அதைவிடப் பெரிய கதையாக எனக்குத் தோன்றுகிறது.

அதே படம் 1977இல் வெளிவந்த ஒரு பாட்டை, மீசை வைத்த மெர்குரியோடு 1980க்குத் தள்ளி வைக்கிறது. அதுவும் பிழைதான். ஆனால் அதனால் எவருடைய வாழ்க்கையும் வேறு வாழ்க்கை ஆகவில்லை. இப்படிப்பட்டதை நான் சிறு பிழைகளின் பட்டியலில் எழுதி வைப்பேன், நேரம் இருந்தால் திருத்துவேன். 2019இல் வந்த 'ரொக்கெட்மேன்' படத்தில் எல்டன் ஜோன் 1970இல் லொஸ் ஏஞ்சலிஸ் அரங்கில் பாடுகிற பாட்டு, உண்மையில் 1972இல் வந்தது. ஆனால் அந்தக் காட்சியிலேயே பாடகரும் பார்வையாளரும் தரையை விட்டு எழுந்து மிதக்கிறார்கள். நான் கனவு சொல்கிறேன் என்று படம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. பார்ப்பவர் ஏமாறவில்லை.

இன்னொன்று. 2004இல் வந்த 'ரே' படம். பாடகர் ரே சார்ள்ஸ் 1961இல் ஜோர்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில், கறுப்பினத்தவரைப் பிரித்து வைக்கும் அரங்கில் பாட மறுத்தார். அது உண்மை. ஒப்பந்தத்தை மீறினார் என்று இழப்பீடு கட்ட நேர்ந்ததும் உண்மை. படமோ, மாநிலம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்ததாகச் சொல்கிறது. அப்படி ஒரு தடை இருக்கவில்லை. 1979இல் அவர் பாடிய பாட்டு மாநிலத்தின் பாட்டானது உண்மை என்பதால், இடையில் ஒரு தடையும் மன்னிப்பும் இருந்தால் கதை அழகாக மூடும் என்று எண்ணியிருப்பார்கள். மறுத்ததும் அதற்குக் கொடுத்த விலையும் போதவில்லையா? எனக்குப் போதும்.

மூன்றாவது: பாட்டுக்கு ஒரு நாள் போதாது

ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று நாள்கள் தேடுங்கள். எப்போது முதன்முதல் பாடப்பட்டது, எப்போது பதிவானது, எப்போது இசைத்தட்டாக அல்லது வானொலியில் வெளிவந்தது. நம் ஊரில் இவற்றுக்கிடையே ஆண்டுகள் ஓடியிருக்கும். கல்லூரி விழாவில் பாடிய பாட்டு பல காலம் கழித்துத்தான் தட்டில் ஏறும். அப்படியென்றால் வானொலிக்கு வருவதற்கு முன்பே அதை ஒரு பாத்திரம் முணுமுணுக்கலாமா என்பது, அந்தப் பாத்திரம் அந்த விழாவில் இருந்ததா என்பதைப் பொறுத்தது.

உறையில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அமெரிக்கப் பாடகர் பொப் டிலானை நோக்கி ஒருவர், துரோகி என்ற பொருளில், "யூதாஸ்" என்று கத்தியது 1966 மே 17இல், மன்செஸ்டரில். அந்த இரவின் கள்ளப்பதிவு, லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் பதிவானது என்ற தலைப்போடு பல ஆண்டுகள் கைமாறியது. 1998இல் முறையாக வெளியிட்டபோதும் பழகிப்போன அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டியிருந்தது. 2024இல் வந்த 'எ கொம்ப்ளீட் அன்னோன்' படம் அதே கூச்சலை 1965 ஜூலையின் நியூபோர்ட் விழாவுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறது. ஒரு கூச்சலுக்கு மூன்று ஊர்கள். நம்மிடம் இருக்கும் பழைய கசெட் உறைகளைப் பற்றி இனி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

கருவியையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். கசெட் என்ற பொருளை பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1963இல். நம் வீடுகளை அது நிறைத்தது 1977க்குப் பிறகு. அதற்கு முன் கதை நடந்தால் இசைத்தட்டு, வானொலிப் பெட்டி, வசதி உள்ள இடத்தில் சுருள் நாடா. தொலைக்காட்சி இங்கே தொடங்கியது 1979 ஏப்ரலில், ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். 1975இல் கொட்டாஞ்சேனை வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி இருந்தால் அந்தப் படத்தை நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

நான்காவது: நகரமும் வானொலியும்

டிராம் வண்டி 1960 வரை. மின்கம்பியில் ஓடிய டிரொலி பஸ் 1953 முதல் 1964 வரை. 1958க்குப் பிறகு அரச பஸ், சிவப்பு நிறம். கார்களின் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து 1950களின் பிற்பகுதியில் வந்தது. தமிழ்ப் பகுதிகளில் அதன் மேல் தார் பூசிய போராட்டத்தை அறியாதவர் இல்லை. பழைய காரை வாடகைக்கு எடுக்கும்போது தகட்டையும் பாருங்கள்.

காலிமுகத்திடலில் தூரக்காட்சி எடுக்க வேண்டாம். வடக்கே திரும்பினால் 1987இல் எழுந்த இலங்கை வங்கிக் கோபுரமும், 1997இன் இரட்டைக் கோபுரங்களும், கடலை நிரப்பிக் கட்டும் துறைமுக நகரமும் சட்டகத்துக்குள் வந்துவிடும். மேற்கே கடலை மட்டும் வைத்து, ஆள்களை நெருங்கி எடுங்கள். அலையும் இஸ்ஸோ வடையும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும்.

வானொலி விஷயத்தில் ஒரு நுணுக்கம். ரேடியோ சிலோன் என்ற பெயர் 1949இலிருந்து. 1967 ஜனவரியில் அது கூட்டுத்தாபனம் ஆயிற்று. 1972இல் நாட்டின் ஆங்கிலப் பெயர் மாறியபோது நிலையத்தின் ஆங்கிலப் பெயரும் மாறியது. ஆனால் தமிழில் நாம் அன்றும் இன்றும் எழுதுவது இலங்கை என்றுதான். ஆகவே வாசலில் உள்ள ஆங்கிலப் பலகை ஆண்டுக்கேற்ப மாற வேண்டும். தமிழ் அறிவிப்பாளரின் வாயில் நாட்டின் பெயர் மாற வேண்டியதில்லை. "சிலோன் ரேடியோ" என்று சொல்பவர் அக்கரையில், தமிழ்நாட்டில் இருந்து கேட்டவராக இருந்தால் இயல்பாக இருக்கும். வெள்ளவத்தைப் பாட்டியின் வாயில் வைப்பதற்கு முன் யோசியுங்கள்.

ஐந்தாவது: கேட்பதும் தேடுவதும்

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. வாசகர் அனுமதி பெற்று உட்கார்ந்து பார்க்கலாம். வீரகேசரி 1930 முதல், தினகரன் 1932 முதல். விமர்சனங்களைத் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள். விளம்பரங்களையும் அன்றைய வானொலி நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள். எந்த மண்டபம், எத்தனை மணி, டிக்கெட் என்ன விலை என்பதெல்லாம் விளம்பரத்தில்தான் இருக்கும். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. இணையத்தில் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் பழைய சஞ்சிகைகளும் மலர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு.

ஆனாலும் தாள்கள் குறைவு. 1983 ஜூலையில் இந்த நகரத்தில் தமிழர் வீடுகள் எரிந்தபோது அலுமாரிகளில் இருந்த இசைத்தட்டுகளும் புகைப்படங்களும் சேர்ந்துதான் எரிந்தன. மிஞ்சியவை ரொரன்டோவிலும் லண்டனிலும் யாரோ ஒரு சித்தியின் பெட்டிக்குள் இருக்கலாம். கேட்டு எழுதுங்கள். பெட்டியைத் திறக்க ஒரு காரணம் கிடைத்தால் அவர்கள் மகிழ்ச்சியோடு திறப்பார்கள்.

பெரியவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்காதீர்கள். ஆண்டு எண் நினைவில் நிற்பதில்லை. "உங்களுக்கு மூத்த பிள்ளை பிறந்துவிட்டதா அப்போது?" "பாண் வரிசையில் நின்ற காலமா?" "1978 புயலுக்கு முன்னா, பின்னா?" இப்படிக் கேட்டால் பதில் வரும். என் பெரியப்பா 1975இல் ஒரு பாடகரைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. மண்டபத்தில் நேரே பார்த்ததும், பிறகு திரையில் பார்த்ததும் ஒரே காட்சியாக ஒட்டிவிட்டன. "அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்று கேட்டபோதுதான் இரண்டும் தனித்தனியே பிரிந்தன.

இன்னோர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். உறவினர் ஒருவர் வீட்டில் ஐந்து பேர் கொண்ட இசைக்குழுவின் கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. பின்புறம் நீல மையில் 1969 என்று எழுதியிருந்தது. டிரம் அடிப்பவரின் தோளுக்குப் பின்னால் சுவரில் ஒரு கலண்டர். கைத்தொலைபேசியால் படமெடுத்துப் பெருப்பித்தபோது பெப்ரவரி என்று தெரிந்தது. முதல் நாள் செவ்வாய்க்கிழமை. கடைசிக் கட்டத்தில் 29. லீப் ஆண்டு. 1969 லீப் ஆண்டு இல்லை. 1968இல் பெப்ரவரி முதல் நாள் வியாழன். செவ்வாயில் தொடங்குவது 1972. பழைய கலண்டர் சுவரில் தொங்கலாம். வராத ஆண்டின் கலண்டர் தொங்காது. ஆகவே படம் 1972க்கு முந்தியதாக இருக்க முடியாது. நீல மை, பிறகு யாரோ நினைவிலிருந்து எழுதியது. இந்த ஒரு படத்துக்காக ஒரு மாலை முழுதும் போனது, அதைப் போல நிறைவான மாலைகள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

ஆறாவது: யாரை விட்டுவிடுகிறீர்கள்?

பல பேரை ஒரே பாத்திரமாகச் சேர்ப்பது படத்துக்கு வேண்டியதுதான். 'பொஹீமியன் ரப்சடி'யில் வரும் பிடிவாதமான இசைத்தட்டு நிறுவன அதிகாரி அப்படிப் புனையப்பட்டவர். அதில் எனக்குக் குறையில்லை. என் கவலை, முழுதாக விடுபட்டுப் போகிறவர்களைப் பற்றியது.

கொழும்பின் பொப்பிசை ஓர் இனத்தின் சொத்தாக இருக்கவில்லை. பைலா என்ற ஆட்டப்பாட்டின் தாளம் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்தது. பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் அதற்கு இந்த நகரத்தின் உருவத்தைக் கொடுத்தார். கிளரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் 1960களின் பிற்பகுதியில் சிங்களப் பாட்டுக்கு மின்கிட்டாரைக் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணப் பேச்சு மொழியில் துள்ளிசை பாடினார். ஏ. ஈ. மனோகரன் சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த கதையைச் சிங்கள வரியும் தமிழ் வரியுமாகக் கலந்து பாடி, பாக்கு நீரிணையைத் தாண்டியும் கொண்டுபோனார். பறங்கியர், மலாயர் இல்லாத மேடை இங்கே அபூர்வம்.

தமிழில் படமெடுக்கும்போது மேடையில் எல்லோரையும் தமிழர்களாக வைத்துவிடுவது எளிது. அப்படிச் செய்தால் எந்தத் திகதியும் பிழையாகாது. ஆனால் அந்த மேடை கொழும்பில் இருந்ததே இல்லை. நகரம் எதை இழந்தது என்பதைக் காட்ட வேண்டுமென்றால், எரிவதற்கு முன் அந்த மேடையில் யார் யார் நின்றார்கள் என்பதைக் காட்டியாக வேண்டும். மூன்று மொழிகளில் பேச்சு எழுதுங்கள், திரையின் அடியில் தமிழில் உபதலைப்பு ஓடட்டும்.

ஏழாவது: உரிமையும் அறிவிப்பும்

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. ஆகவே இந்தக் காலத்துப் பாட்டு எதுவானாலும் குடும்பத்தாரிடமோ உரிமையாளரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கற்பனைக் குழு ஒன்றை உருவாக்கிப் புதுப் பாட்டு எழுதுங்கள். கற்பனைக் குழுவுக்குப் பெயரும் பாட்டும் உங்கள் விருப்பம். ஆனால் போயாவும் ஊரடங்கும் அவர்களுக்கும் உண்டு.

"உண்மைச் சம்பவங்களைத் தழுவியது" என்று முடிவில் போடுவதால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எதை மாற்றினீர்கள் என்று பெயர் சொல்லிப் போடுங்கள். "மண்டப நிகழ்ச்சி கற்பனை. குழு பிரிந்தது ஓராண்டு கழித்து." இரண்டு வரி போதும். மன்செஸ்டர் இசையுலகைப் பற்றி 2002இல் வந்த '24 ஹவர் பார்ட்டி பீப்பிள்' படத்தில், கதையில் வரும் இசைக்கலைஞர் ஹவர்ட் டிவோட்டோவே ஒரு காட்சியில் தோன்றி, இப்படி நடந்ததாகத் தமக்கு நினைவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். அப்படியும் செய்யலாம்.

கடைசி வேலை, படத்தின் முதல் தொகுப்பை அந்தக் காலத்தில் இருந்த ஒருவருக்குப் போட்டுக் காட்டுவது. அவர் வீட்டிலேயே, பகல் நேரத்தில். அருகே உட்காராமல் சற்றுப் பக்கவாட்டில், அவருடைய கை தெரியும் இடத்தில் இருங்கள். பாட்டு வரும்போது விரல்கள் கதிரைப் பிடியில் தாளம் போடும். அவை நிற்கும் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே படத்தை நிறுத்திக் கேட்க வேண்டாம். ஓடி முடியட்டும், தேநீர் வரட்டும், பிறகு அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், "இதில் என்ன இல்லை, ஐயா?" என்று கேளுங்கள்.